கையெழுத்துப் போட்டவள்

என் உடம்பில் மூன்று சிறுநீரகங்கள் இருக்கின்றன. இரண்டு பிறக்கும்போதே வந்தவை. அவை சுருங்கிப்போய், எந்த வேலையும் செய்யாமல் முதுகுப்பக்கம் கிடக்கின்றன. மூன்றாவது வலது அடிவயிற்றில் இருக்கிறது. அது என் தம்பியுடையது. எனக்கு அதைக் கொடுத்தபோது அவனுக்கு நாற்பத்தாறு வயது. மூன்று வருடம் கழித்து அவன் இறந்துவிட்டான். நான் இருக்கிறேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறேன். பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். மூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, கீறல் இருந்தால் தள்ளிவைக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தேன். புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணை வாங்கத் தயாராகும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் கம்பெனியிலிருந்து வந்தவளுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய மரியாதையாக இருந்தது.

தவக்காலம் வந்தால் இயேசு ஏன் இறந்தார் என்ற பாடம் வரும். அதற்கு என்னிடம் ஒரு கதை இருந்தது. ஒரு வகுப்பில் ஒரு பையன் தப்பு செய்துவிட்டான். பத்து அடி என்று வாத்தியார் சொல்லிவிட்டார். பையன் நோஞ்சான், தாங்க மாட்டான். அப்போது நல்ல பையன் ஒருவன் எழுந்து, அந்த அடியை எனக்குக் கொடுங்கள் சார் என்று கையை நீட்டினான். அப்படித்தான் இயேசு நமக்காகப் பாடுபட்டார் என்று முடிப்பேன். பிள்ளைகள் கப்சிப்பென்று கேட்பார்கள். ஒரு வருடம் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் கையைத் தூக்கினாள்.

"அடிச்சே ஆவணுமா டீச்சர்? வாத்தியாரு சும்மா விட்டுட்டா என்னா?"

நீதி என்று ஒன்று இருக்கிறது, தப்புக்குத் தண்டனை உண்டு, கடவுள் நீதியுள்ளவர் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஒத்துக்கொண்டு ஆட்டவில்லை, டீச்சர் பாவம் என்று ஆட்டினாள். அது எனக்கு அப்போதே தெரிந்தது.

நாற்பத்தொன்பது வயதில் எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நின்று வேலை பார்ப்பதால் என்று நினைத்தேன். பிறகு முகம் வீங்கியது. பரிசோதனையில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் படுத்தே கிடக்க வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு வைத்தார்கள். சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அது கரைவதை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். கூடப்பிறந்தவன் என்று எனக்கு இருந்தது தம்பி ஒருவன்தான். வைத்திக்குப்பத்தில் கடற்கரையை ஒட்டி அவனுக்கு ஒரு ஷெட் இருந்தது. மீன்பிடிப் படகுகளின் இன்ஜின்களைப் பழுது பார்ப்பான். வீடு பக்கத்துத் தெருவில். மனைவி, பன்னிரண்டு வயதில் ஒரு மகள். டயாலிசிஸ் நாளில் அவனே வந்து வண்டியில் கூட்டிப்போவான். கையில் கிரீஸ் வாசம் போகாமல் இருக்கும். மற்ற நாட்களில் சாயங்காலமானால் நான் அவனுக்கு ஃபோன் செய்வேன். பேச்சைத் தொடங்கும்போது நன்றாகத்தான் இருப்பேன். இரண்டு நிமிடத்தில் அழுதுவிடுவேன்.

பதினோரு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"எனக்கும் உனக்கும் ஒரே குரூப்பு. டெஸ்ட்டு எடுத்துட்டேன். பொருந்துதாம்."

"என்னாடா சொல்ற?"

"குடுக்கறேன்னு சொல்றேன்."

"வேணான்டா. உனக்குப் புள்ள இருக்கு."

"சரி, ஏறு. வெயில்ல நிக்காத," என்றான்.

நான் வேண்டாம் என்று சொன்னது உண்மை. ஒரே ஒரு தடவைதான் சொன்னேன் என்பதும் உண்மை. அன்று வீட்டுக்கு வந்து படுத்தபோது எனக்கு வந்தது சந்தோஷம். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. அதற்கு முன் ஒரு கமிட்டி எங்களை விசாரித்தது. நீளமான மேசைக்குப் பின்னால் நாலைந்து பேர். ஒரு ஓரத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. உறவு உண்மைதானா, யாராவது மிரட்டிக் கொடுக்க வைக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. தம்பியிடம் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டார்கள். உங்களை யாராவது வற்புறுத்தினார்களா? வீட்டில் யாராவது அழுத்தம் கொடுத்தார்களா? இப்போதுகூட வேண்டாம் என்று சொல்லலாம், தெரியுமா?

"தெரியும் சார். யாரும் சொல்லல. நானாதான் குடுக்கறேன்," என்றான் ஒவ்வொரு முறையும்.

பிறகு அவன் மனைவியை விசாரித்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று நான் கவனிக்கவில்லை. என் மனதெல்லாம் அடுத்து என்னிடம் என்ன கேட்பார்களோ என்பதில் இருந்தது. அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதும், பேனாவை மூடி மேசையில் வைத்ததும் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அறுவை முடிந்த மறுநாள் எனக்குச் சிறுநீர் வந்தது. ஒரு வருடமாக எனக்கு அது சரியாக வந்ததே இல்லை. நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டி, நல்லா வருது பாருங்க என்றாள். பக்கத்து வார்டிலிருந்து தம்பியை மெதுவாக நடத்திக் கூட்டிவந்தார்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"தண்ணி குடி மொதல்ல. வேணுங்கற அளவு குடி," என்றான்.

ஆறு மாதத்தில் அவன் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தான். பங்குத் திருவிழாவில் அவனை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். பிரசங்கத்தில் அவனைச் சொன்னார்கள். கிறிஸ்துவைப் போல் தன்னையே கொடுத்தவர் என்றார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு நெளிந்தான். இறங்கி வந்ததும் மாலையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டான். நான் மறுபடி மறைக்கல்வி எடுத்தேன். பிரம்படிக் கதையை விட்டுவிட்டு என் தம்பியின் கதையைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது இன்னும் பிடித்திருந்தது.

மூன்றாவது வருடம் மழைக்காலத்தில் ஒரு புயல் கரை கடந்தது. ஷெட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தம்பி இரண்டு நாள் அதில் நின்று இன்ஜின்களை மேட்டில் ஏற்றினான். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. எலிக்காய்ச்சல் என்றார்கள். மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. அவனுக்கு டயாலிசிஸ் போட்டார்கள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்த எனக்குத் தொற்று வந்துவிடக் கூடாது என்று என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விடவில்லை. வெளியே நின்றேன். வெளியில் வந்த டாக்டரிடம், "நான் திருப்பிக் குடுக்கலாமா?" என்று கேட்டேன். யார் நீங்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

"அதெல்லாம் முடியாதும்மா."

"அவனுக்கு ரெண்டு இருந்திருந்தா?"

"ரெண்டு இருக்கறவங்களுக்கும் இதுல இப்படி ஆகுது. இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு என்னால சொல்ல முடியாது," என்றார். நல்ல மனிதர். பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம் என்று அன்று தோன்றியது.

ஐந்தாம் நாள் தம்பி போய்விட்டான்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது எனக்குப் பின்னால் யாரோ ஒருவர், "ரெண்டு இருந்திருந்தா பொழச்சிருப்பான்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் என் காதில் விழுந்தது, தம்பி மனைவி காதிலும் விழுந்தது. அவள் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள். அதன் பிறகு நாலு வருடம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறாம் நாள் பூசைக்குப் போனேன். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். நானும் போவதை நிறுத்திக்கொண்டேன். அவள் மகள் படிப்புக்காகப் பெங்களூருக்குப் போய்விட்டாள் என்று பிறர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். ஒரே ஊரில் அவள் ஒரு வீட்டில் தனியாக, நான் ஒரு வீட்டில் தனியாக. நடந்தால் அரை மணி நேரம்.

மறைக்கல்வி எடுப்பதையும் விட்டுவிட்டேன். கூட்டத்தில் தொற்று வரும் என்று காரணம் சொன்னேன். பூசையில் கடைசித் தூணுக்குப் பின்னால் முகக்கவசத்தோடு உட்காருவேன். எங்கள் பாவங்களுக்காக உயிரைக் கொடுத்தவரே என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது என் வாய் மட்டும் மூடிக்கொள்ளும். கவசத்துக்குள் அது யாருக்கும் தெரியாது. நமக்காக ஒருவர் செத்தார் என்பதை இவர்கள் எப்படி இவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் என்று இருக்கும். அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? எனக்காக ஒருவன் கொடுத்தான், அவன் இல்லை. காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். கேட்டு வாங்காத ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல் இருக்கும்.

பங்குக்குப் புதிதாக வந்த உதவிப் பங்குச்சாமியார் சின்ன வயது, முப்பது இருக்கும். அவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், என் தம்பியை நான்தான் கொன்றேன் என்று. அது பாவம் இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது.

"சாமி, கடவுளுக்கு ஒரு உயிர் வேணும்னு இருந்துச்சா? சும்மா மன்னிச்சிருக்க முடியாதா?"

அவர் பெருமூச்சு விட்டது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"செமினரில இதுக்கே ஒரு வருஷம் படிச்சோம் டீச்சர். அடிமைய மீட்கக் குடுக்கற விலைன்னு சிலர் சொன்னாங்க. கடவுளுக்கு நாம செஞ்ச அவமானத்துக்கு ஈடுன்னு சிலர். நம்ம தண்டனைய அவர் வாங்கிக்கிட்டார்னு சிலர். சாவ ஜெயிச்சார்னு சிலர். அன்பு எவ்ளோ தூரம் போகும்னு காமிச்சார்னு சிலர். ஒண்ணுமே முழுசா போதலன்னுதான் இத்தன இருக்கு போல."

"உங்களுக்கு எது?"

"எனக்கு இன்னும் தெரியல," என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் பதில் கிடைக்கவில்லை.

இந்த வருடம் புனித வெள்ளியன்று மூன்று மணி வழிபாட்டுக்குப் போனேன். பாடுகளின் வரலாற்றை வாசித்தார்கள். சிலுவையை முத்தி செய்ய வரிசை நின்றது. எல்லோரும் வாய் வைக்கும் இடத்தில் நான் வாய் வைக்கக் கூடாது. அதனால் நான் அந்த வரிசையில் நிற்பதில்லை, தூணருகே நின்று குனிந்து வணங்கிவிடுவேன். அப்போது தம்பி மனைவியைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. சிலுவையின் காலில் நெற்றியை வைத்தவள் நிமிரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். பீடச்சிறுவன் துணியை வைத்துக்கொண்டு காத்திருந்தான். கடைசியில் ஒரு பெண் அவள் தோளைத் தொட்டாள்.

வழிபாடு முடிந்ததும் வெளியே பந்தல் போட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். நான் வழக்கமாக நேரே வீட்டுக்குப் போய்விடுவேன். அன்று ஏனோ வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோதுதான் கரண்டியைப் பிடித்திருப்பது அவள் என்று தெரிந்தது. அவள் கை நின்றது.

"நீங்க வெளில செஞ்சத சாப்புடக் கூடாதுல்ல?"

நாலு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"சூடாதான் இருக்கு. பரவால்லம்மா," என்றேன்.

பானையின் அடியிலிருந்து நன்றாகக் கலக்கி, ஆவி பறக்கும் கஞ்சியை அரைக் கரண்டி ஊற்றினாள். பின்னால் ஆள் இருந்ததால் நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்திக்குப்பத்துக்குப் போனேன். ஷெட் இருந்த இடத்தில் யாரோ வலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பட்டுப்பாவாடை, ஃபிராக், பிளவுஸ் என்று குவியல். மறுநாள் ஈஸ்டர், எல்லாம் சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டியவை.

"என்னா அண்ணி?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"சும்மாதான் வந்தேன்."

"நாலு வருஷமா சும்மா இருந்தீங்க. இன்னிக்கி சும்மா வந்தீங்களா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "கொக்கி வைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். நாலு பிளவுஸை என் பக்கம் தள்ளினாள். தரையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தேன். முதல் பிளவுஸை முடிக்கும் வரை மெஷின் சத்தம் மட்டும்தான்.

"நான் அவங்கிட்ட கேக்கலம்மா," என்றேன். "ஒருநாளும் வாயத் தெறந்து கேக்கல."

மெஷின் நின்றது.

"நீங்க கேக்கல. கேக்காமலே கேட்டீங்க. தெனம் ஃபோன்ல அழுவீங்க. ஃபோன வச்சிட்டு அவரு தட்டு முன்னால அப்டியே ஒக்காந்திருப்பாரு. சோறு காஞ்சிடும்."

"ஆமா," என்றேன். இத்தனை வருடமும் எனக்குள் இல்லை இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தது எதுவோ, அது ஆமா என்று சொன்னதும் ஓய்ந்துவிட்டது.

அவள் தொடர்ந்து பேசினாள். கோபமாகப் பேசவில்லை. துணியை மடித்துக்கொண்டே பேசினாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன். இன்ஜின் தூக்கற வேல, பொட்டப்புள்ள இருக்கு, வேணாம்னு சண்ட போட்டேன். மூணு நாள் பேசல. அப்பறம் அவரு சொன்னாரு, 'எங்கக்கா இல்லாம போயிட்டா ரெண்டையும் வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது'ன்னு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

எனக்குக் கண் மறைத்தது. ஊசியைக் கீழே வைத்தேன்.

"கமிட்டில எங்கிட்டயும் கேட்டாங்க, உங்களுக்குச் சம்மதமான்னு. நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே நின்னுருக்கும். ஆமான்னேன். கையெழுத்து போட்டேன். அவரு குடுத்தது ஒரு கிட்னி அண்ணி. நான் குடுத்தது அவர. அவருக்கு மால போட்டாங்க, கை தட்டுனாங்க. நீங்க அவரு கையப் புடிச்சிக்கிட்டு அழுதீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லல."

அவள் பக்கத்தில் நின்றாளா என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பேனாவை மூடி வைத்த கை மட்டும் இப்போது தெளிவாகத் தெரிந்தது.

இருபது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். என் கதையில் அடிக்கிறவர் ஒருவர், அடி வாங்குகிறவர் ஒருவர், தப்பித்தவன் ஒருவன் என்று மூன்று பேர்தான். தந்தையாகிய கடவுள் என்றாலே எனக்குப் பிரம்போடு நிற்பவர்தான் மனதில் வருவார். யாரிடமிருந்தாவது வாங்கியே தீர வேண்டும் என்று நிற்பவர். அவர் வாங்கியவர் இல்லை, தன் மகனையே கொடுத்தவர் என்று ஜெபத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மகனைக் கொடுப்பது என்றால் என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஒருவரைப் போக விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வலிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துணிக்குவியலுக்கு நடுவில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த இவளைப் பார்க்கும்போதுதான் அது உறைத்தது. இதைச் சாமியாரிடம் சொன்னால் திருத்தம் சொல்வாரோ என்னவோ. அவள் போட்ட கையெழுத்தையும் கடவுள் செய்ததையும் ஒன்றாக வைக்க எனக்குப் படிப்பு போதாது. ஆனால் அன்று அந்த அறையில் வைத்துப் பார்த்தேன். ஒத்துத்தான் போனது.

"இப்ப நன்றின்னு சொன்னா ரொம்ப லேட்டு," என்றேன்.

"லேட்டுதான்."

"சொல்லட்டுமா?"

அவள் மெஷினை ஓட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்பதை இங்கே எழுத மனமில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் உங்கள மன்னிக்கறதுக்கு நீங்க ஒண்ணும் திருடிடல அண்ணி. உங்களப் பாத்தா அவரு ஞாபகம் வருது. அதான் பாக்கல. இனிமேலும் எப்டியோ, தெரியல."

"சரிம்மா."

"அந்த பச்ச பிளவுஸ மொதல்ல முடிங்க. ரெண்டு மணிக்கு வந்துடுவாங்க."

மூன்று மணி வரை இருந்தேன். பிளவுஸ்காரி வந்து வாங்கிப் போனாள். தம்பி மனைவி என்னைச் சாப்பிடச் சொன்னாள். புதிதாகச் சோறு வடித்து, ரசம் வைத்துப் போட்டாள், உப்பைத் தனியாக வைத்தாள். கிளம்பும்போது வாசல் வரை வரவில்லை. போயிட்டு வாங்க என்று உள்ளிருந்தே சொன்னாள்.

ஈஸ்டர் அன்று அவள் என் வீட்டுக்கு வருவாள் என்று நினைத்தேன். காலையிலேயே பாலை வாங்கி வைத்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு நான் மூன்று முறை போயிருக்கிறேன். ஒருமுறை வீடு பூட்டியிருந்தது. இன்னொரு முறை அவளுக்குப் பேச மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் முறை மகளுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். ஃபோனை என் பக்கம் திருப்பினாள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, "எப்டி இருக்கீங்க அத்தை?" என்று கேட்டாள். அப்பாவின் அதே தாடை.

கோயிலில் இப்போது அந்த வார்த்தைகளை நானும் சொல்கிறேன். சத்தமாக இல்லை. சொல்லும்போது பாரம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் பல நாள் நான் யாரோடும் பேசுவதில்லை. மாத்திரை எடுத்துக்கொள்ள ஃபோனில் அலாரம் அடிக்கும், அதுதான் வீட்டில் கேட்கும் சத்தம்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் அலாரம் நேரம் இல்லாத நேரத்தில் அந்த ஃபோன் அடித்தது. அவள்தான்.

"ரத்த டெஸ்ட்டு குடுத்தீங்களா?"

"குடுத்தேன். நேத்துதான் வந்துது. நல்லா வேல செய்யுதுன்னு சொன்னாங்க."

அந்தப் பக்கம் தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போவது கேட்டது.

"சரி," என்று சொல்லி வைத்துவிட்டாள்.